ராக்கெட் லீக்கில் புதிதாக இறங்குவோருக்கு: எந்த மோடில் தொடங்குவது, எப்போது அடுத்ததற்குப் போவது

ராக்கெட் லீக் என்பது காரை ஓட்டிக்கொண்டே பெரிய பந்தொன்றை எதிரணியின் கோலுக்குள் தள்ளும் இணையவழிக் கால்பந்து. விதி இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ‘பிளே’ என்பதை அழுத்தியவுடன் காஷுவல் (தரவரிசை இல்லாத ஆட்டம்), காம்பெட்டிட்டிவ் (தரவரிசை ஆட்டம்), டோர்னமெண்ட், பிரைவேட் மேட்ச், டிரெய்னிங் என்று பல பிரிவுகள் விரிகின்றன. அவற்றுக்குள் இரண்டு பேர் மோதுவது முதல் எட்டுப் பேர் மோதுவது வரை பல மோடுகள் இருக்கின்றன. எதில் முதலில் இறங்க வேண்டும், எதை இப்போதைக்குத் தொடக்கூடாது என்று விளையாட்டே எங்கும் சொல்வதில்லை. தட்டுத்தடுமாறி நான் அறிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். நீங்களும் அதே சுற்றைச் சுற்ற வேண்டியதில்லை.

1. தரவிறக்கும் முன் கணக்கைச் சரிசெய்யுங்கள்

இந்த விளையாட்டுக்கு, இதை வெளியிடும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் கணக்கு கட்டாயம் தேவை. அதற்கு வேண்டியவை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியும் சரியான பிறந்த தேதியும்தான். பிறந்த தேதியை விளையாட்டாக மாற்றிப் போடாதீர்கள். 13 வயதுக்குக் குறைந்தவர் என்று பதிவானால், பெற்றோர் தம் மின்னஞ்சல் வழியே ஒப்புதல் தரும்வரை குரல் அரட்டை, பணம் செலுத்துதல் போன்ற வசதிகள் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் பிள்ளைக்காகக் கணக்குத் தொடங்குகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாடு நல்லதே. அதைச் சுற்றிப்போக முயல வேண்டாம். கணக்குத் தொடங்கிய கையோடு இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. கணினியில் ஏற்கெனவே எபிக் கணக்கு வைத்திருப்பவர், பிறகு பிளேஸ்டேஷனிலோ எக்ஸ்பாக்ஸிலோ ஸ்விட்சிலோ விளையாட்டைத் திறக்கும்போது, திரையில் கேட்கப்படுவதை வாசிக்காமல் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போனால் இரண்டாவதாக ஒரு கணக்கு உருவாகிவிடும். அப்போது உங்கள் தரவரிசை ஒரு கணக்கிலும், நீங்கள் வாங்கிய பொருள்கள் இன்னொரு கணக்கிலும் கிடக்கும். ஆகவே கன்சோலில் முதன்முறை திறக்கும் முன்பே, எபிக் தளத்தில் நுழைந்து எபிக் கணக்கையும் கன்சோல் கணக்கையும் இணைத்துவிடுங்கள். இணைத்தபின் எந்தக் கருவியில் ஆடினாலும் முன்னேற்றம் ஒன்றாகவே சேரும்.

கணினி என்றால் விண்டோஸ் மட்டுமே. மேக், லினக்ஸ் ஆகியவற்றுக்கான ஆதரவு 2020-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. வட்டில் 20 ஜிபி அளவுக்குக் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு அளவுவைத்துத் தரும் டேட்டா திட்டத்தில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். கைபேசிக் கடையில் தேடினால் கிடைக்கும் ‘ராக்கெட் லீக் சைட்ஸ்வைப்’ வேறொரு விளையாட்டு. அதில் பக்கவாட்டுப் பார்வையில் இரண்டு நிமிட ஆட்டம் நடக்கும். அதில் பெறும் பழக்கம் இங்கே அதிகம் உதவாது.

2. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2020 செப்டம்பர் முதல் விளையாட்டு இலவசம். எந்த மோடுக்கும் தனிக்கட்டணம் கிடையாது. கன்சோல்களில் இதை இணையத்தில் ஆட மாதச் சந்தாவும் தேவையில்லை. பணம் கேட்பதெல்லாம் அலங்காரத்துக்குத்தான்: காரின் உடல், சக்கரம், வண்ணம், கோல் விழும்போது வெடிக்கும் ஒளிக்காட்சி ஆகியவை கிரெடிட் என்னும் உள்நாணயத்தில் விற்கப்படுகின்றன. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரும் பருவத்தோடு ‘ராக்கெட் பாஸ்’ என்றொரு பரிசு வரிசையும் வரும். அதன் பிரீமியம் வடிவத்தின் விலை 1000 கிரெடிட். பருவம் பாதி கழிந்தபின் அதை வாங்குவது வீண்செலவு, ஏனென்றால் பரிசுகளைப் பெறப் போதுமான ஆட்டங்களை ஆட உங்களுக்கு நேரம் இருக்காது.

ஆட்டம் முடிந்ததும் அவ்வப்போது ‘புளூபிரிண்ட்’ ஒன்று பரிசாக வரும். அதைப் பார்த்துப் பொருளே கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். அந்தப் பொருளைக் கிரெடிட் கொடுத்துச் செய்துகொள்ளும் உரிமை மட்டுமே அது. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: வீரர்கள் தங்களுக்குள் பொருள்களை மாற்றிக்கொள்ளும் வசதி 2023 டிசம்பர் 5 அன்று நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே “அரிய சக்கரம் தருகிறேன், முதலில் பணம் அனுப்பு” என்றோ “உன் கணக்கின் கடவுச்சொல்லைத் தா, நான் ஏற்றி விடுகிறேன்” என்றோ யாராவது சொன்னால், அவர் மோசடிக்காரர் என்று ஐயமின்றி முடிவுசெய்யலாம்.

விலை கூடிய கார் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கையையும் கழற்றி வையுங்கள். எல்லாக் கார்களும் பந்தோடு மோதும் வடிவத்தைப் பொறுத்து ஆறே வகைகளுக்குள் அடங்கும். புகழ்பெற்ற ஃபென்னெக் காரும், தொடக்கத்திலேயே உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆக்டேன் காரும் ஒரே வகை. ஆக்டேனிலேயே இருங்கள்.

3. வலயத்தையும் கேமராவையும் முதலில் அமையுங்கள்

மோடுகளைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே எந்த வலயத்தின் சர்வரில் ஆடுவது என்ற தெரிவு இருக்கும். எல்லா வலயங்களையும் டிக் செய்து வைத்தால் ஆட்டம் விரைவாகக் கிடைக்கும், ஆனால் கடல் கடந்த சர்வரில் போய் மாட்டிக்கொள்வீர்கள். பந்தைத் தொட்டுவிட்டதாக உங்கள் திரை காட்டிய பிறகு, அந்தப் பந்து வேறிடத்துக்குத் தாவிப் போயிருக்கும். பரிந்துரைக்கப்படும் வலயத்தில் தொடங்கி, பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) குறைவாகக் காட்டும் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையைவிட லேன் கேபிள் நல்லது. மின்தடை வழக்கமாக உள்ள பகுதியில் இருப்பவர்கள், கணினிக்கு மட்டுமின்றி ரௌட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் இணைப்புக் கொடுங்கள்; இதன் தேவை ஏழாம் படியில் விளங்கும்.

கேமரா அமைப்பில் ‘கேமரா ஷேக்’ என்பதை நிறுத்திவிடுங்கள். பார்வை அகலத்தை 110 வரை உயர்த்துங்கள். இவ்விரண்டையும் செய்யாமல் எந்த மோடில் இறங்கினாலும் மைதானத்தின் பாதி உங்கள் கண்ணில் படாது.

4. பாட்களோடு சிறிது நேரம் மட்டும்

டிரெய்னிங் பிரிவில் உள்ள அடிப்படைப் பாடத்தை முடித்துவிட்டு, கணினி இயக்கும் பாட்களோடு இரண்டொரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். அங்கேயே தங்கிவிடாதீர்கள். பாட்கள் மனிதர்களைப் போல் தவறு செய்வதில்லை, ஏமாற்றுவதுமில்லை. அவற்றோடு ஆடிப் பழகிய கை மனிதர்களிடம் திணறும். ‘ஃப்ரீ பிளே’ என்ற தனிப்பயிற்சி அப்படியல்ல. ஆட்டம் தேடிக் காத்திருக்கும் நேரத்தில்கூட அதில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கலாம்.

5. காஷுவலில் இரட்டையர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்களில் பலர் நேராக மூவர் ஆட்டத்துக்குப் போகிறார்கள். அதன் பெயரே ‘ஸ்டாண்டர்டு’ என்று இருப்பதால் அதுதான் முறையான வாசல் என்று தோன்றிவிடுகிறது. என் கருத்து வேறு: அணிக்கு இருவர் ஆடும் ‘டபுள்ஸ்’தான் கற்றுக்கொள்வதற்கு ஏற்ற இடம்.

காரணம் எளியது. ஒற்றையர் ஆட்டமானாலும் நால்வர் ஆட்டமானாலும் மைதானத்தின் அளவு ஒன்றேதான். காருக்குக் கூடுதல் வேகம் தரும் எரிபொருளான பூஸ்டை நிரப்பும் திட்டுகளின் எண்ணிக்கையும் 34-தான்: முழுத்தொட்டி நிரப்பும் பெரியவை 6, பன்னிரண்டு பன்னிரண்டாகத் தரும் சிறியவை 28. ஆட்கள் கூடக்கூட உங்கள் பங்குக்கு வரும் பந்தும் குறையும், பூஸ்டும் குறையும். இரட்டையரில் பந்து உங்களிடம் அடிக்கடி வரும். நீங்கள் கோட்டைவிட்டாலும் பின்னால் காக்க ஒருவர் இருப்பார். மூவர் ஆட்டத்தின் கீழ்நிலையில் ஆறு கார்களும் பந்தைச் சுற்றி ஈக்களாக மொய்க்கும். அந்த நெரிசலில் உங்கள் அடி நல்லதா கெட்டதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

இரட்டையரில் முதலில் பழக வேண்டியது, ஆட்டம் தொடங்கியதும் நடுவிலுள்ள பந்துக்குப் பாயும் தொடக்க மோதல். நீங்களும் கூட்டாளியும் பந்திலிருந்து சம தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தால், இடப்பக்கம் இருப்பவர் பந்துக்குப் போக வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கு. எண்ணிக்கை மூன்றிலிருந்து இறங்கும்போதே, குறுஞ்செய்திப் பொத்தானைத் தட்டி ‘ஐ காட் இட்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் போகிறார் என்றால் நீங்கள் கோலுக்குப் பின்வாங்க வேண்டாம். அருகிலுள்ள பூஸ்டை எடுத்துக்கொண்டு அவருக்குச் சற்றுப் பின்னால், பந்து சிதறி வந்தால் எட்டும் தொலைவில் நில்லுங்கள். இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்தால், முட்டிக்கொண்டு இரு கார்களும் கவிழ்ந்து கிடக்க, எதிரணி ஆளில்லாத கோலுக்குள் பந்தை நிதானமாக உருட்டிக்கொண்டு போகும். தொடக்க நிலையில் விழும் கோல்களில் பெரும்பகுதி இப்படி விழுபவைதான்.

காஷுவலின் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவர் வெளியேறினால் அவரிடத்தில் பாட் வந்து நிற்கும். பிறகு இன்னொரு மனிதர் அந்த இடத்தில் சேர்க்கப்படுவார். அந்த இன்னொரு மனிதர் பல நேரங்களில் நீங்களாகவே இருப்பீர்கள். உள்ளே நுழைந்ததுமே 0–4 என்று பின்தங்கியிருக்கும். உங்கள் பிழை ஏதுமில்லை. அதைத் தோல்வியாக எண்ணாமல் தற்காப்புப் பயிற்சியாக ஆடுங்கள்.

நேரக் கணக்கு: கடிகாரம் 5 நிமிடம்தான் காட்டும். ஆனால் கோல் விழும்போதெல்லாம் அது நிற்கும்; நேரம் முடிந்தாலும் பந்து தரையைத் தொடும்வரை ஆட்டம் முடியாது; சமநிலை என்றால் முதல் கோல் விழும்வரை கூடுதல் நேரம் ஓடும். ஆகவே அலுவலக அழைப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்று ஓர் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

கோல் வாங்கியவுடன் எதிரணி ‘வாட் எ சேவ்’ என்று மூன்று முறை அனுப்பினால் அது பாராட்டு அல்ல, நக்கல். எரிச்சல் தந்தால் அமைப்புகளில் அரட்டையை முழுதும் அணைத்துவிடலாம். ஆட்டத்தில் இதனால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

6. மற்ற மோடுகளை எதற்காக எடுப்பது

ஒற்றையர் ஆட்டமான ‘டூயல்’ கசப்பு மருந்து. உங்கள் ஒவ்வொரு பிழையும் அப்படியே கோலாக மாறும். பழியைப் போடக் கூட்டாளியும் இல்லை. தொட்டியில் உள்ள முழு பூஸ்டும் ஏறத்தாழ மூன்று நொடியில் தீர்ந்துவிடும் என்பதையும், அதைச் சேமித்து ஓட்டுவது எப்படி என்பதையும் இதைப்போல் வேறெதுவும் கற்றுத்தராது. இரட்டையரில் ஓரளவு கை வந்தபின், ஒரு நாளைக்கு ஓரிரண்டு ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே இதில் இறங்கியவர்கள் பலர் விளையாட்டையே அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூவர் ஆட்டத்தில் சுழற்சி தெரிய வேண்டும்: ஒருவர் பந்தில், ஒருவர் அடுத்த வாய்ப்புக்கு, ஒருவர் காவலில். பந்தை விட்டு விலகுபவர் அதே வழியில் திரும்பாமல், மைதானத்தின் மறுபக்கமாகச் சுற்றி, பந்துக்குத் தொலைவிலுள்ள கோல்கம்பத்தின் அருகே வந்து சேர வேண்டும். இரட்டையரில் உங்கள் அடி நினைத்த திசையில் போகத் தொடங்கியதும் இங்கே வாருங்கள். நால்வர் ஆட்டத்துக்குக் ‘கேயாஸ்’ என்று பொருத்தமாகவே பெயர் வைத்தார்கள். நண்பர்களோடு சிரிக்க வேண்டுமானால் ஆடலாம்.

சிறப்பு மோடுகளில் ‘ஹூப்ஸ்’ எனப்படும் கூடைப்பந்து வடிவத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். கோல் உயரத்தில் வளையமாக இருப்பதால், காரை வானில் பறக்கவிட்டுப் பந்தைத் தொடும் பழக்கம் தானாகவே வந்துவிடும். ‘ஸ்னோ டே’யில் பந்துக்குப் பதில் ஐஸ் ஹாக்கி வட்டு இருக்கும், அது துள்ளாமல் வழுக்கும், ஆகவே தரையடி கூர்மையாகும். ‘டிராப்ஷாட்’டில் கோலே கிடையாது, எதிரணியின் தரையை உடைத்து ஓட்டையில் பந்தை விழச் செய்ய வேண்டும். ‘ரம்பிள்’ கலகலப்பானது: குத்துச்சண்டைக் கையுறை, உறைபனி, சுழல்காற்று என்று சக்திகள் மாறிமாறிக் கைக்கு வரும். ‘ஹீட்சீக்கர்’ மோடில் தொட்ட பந்து தானே எதிர்க்கோலை நோக்கிப் பாயும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பந்தைக் கட்டுப்படுத்தும் திறன் அதில் துளியும் வளராது. இவற்றில் எவை திறந்திருக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். ஒன்றில் ஆட்டம் கிடைக்க நெடுநேரம் ஆனால், உங்கள் வலயத்தில் அப்போது ஆளில்லை என்று கொள்ளுங்கள். மாலை நேரத்தில் முயன்று பாருங்கள்.

7. தரவரிசை ஆட்டம்: எப்போது, எதற்குத் தயாராகி

காம்பெட்டிட்டிவ் பிரிவு, உங்கள் கணக்கு 10-ஆம் நிலையை எட்டும்வரை பூட்டியே இருக்கும். ஆட்டங்களை முடிக்க முடிக்க நிலை ஏறும், வென்றாலும் தோற்றாலும். பூட்டுத் திறந்தவுடன் பலருக்குத் தயக்கம் வருகிறது: “இன்னும் நன்றாகப் பழகிவிட்டுப் போகலாமே” என்று. அந்தத் தயக்கம் தேவையில்லை. காஷுவலிலும் மறைமுகமான மதிப்பெண் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அங்கே ஆள் வருவதும் போவதுமாக இருப்பதால் ஆட்டத்தின் தரம் ஏறியிறங்கும். தரவரிசையில் இறுதிவரை உங்களுக்கு இணையானவர்களோடு ஆடக் கிடைக்கும்.

ஒவ்வொரு மோடுக்கும் தரவரிசை தனித்தனி. இரட்டையரில் கோல்டு ஆனவர் ஒற்றையரில் சில்வரில் இருப்பது வழக்கமான செய்தி. அதற்காக வருந்த வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதலில் 10 ஆட்டங்கள் ஆடினால்தான் இடம் ஒதுக்கப்படும். பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்டு, சாம்பியன், கிராண்டு சாம்பியன் என்று ஏழு படிகள். ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள். எல்லாவற்றுக்கும் மேலே சூப்பர்சோனிக் லெஜண்டு. ஒரே சமயத்தில் நான்கைந்து மோடுகளில் இடம் பெற முயலாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரு முதன்மை மோட் போதும்.

பருவப் பரிசுக்கு ஒரு கணக்கு உண்டு. இதை அறியாமல் ஏமாறுபவர்கள் அதிகம். ஒரு படியை எட்டினால் மட்டும் அதன் பரிசு கிடைக்காது. ஒவ்வொரு படிக்கும் 10 வெற்றிகள் வேண்டும், அதுவும் கீழிருந்து வரிசையாக. கோல்டுக்கான பரிசைப் பெறப் பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று மொத்தம் 30 வெற்றிகள் தேவை. பாதிக்குப் பாதி வெல்பவருக்கு அது ஏறத்தாழ 60 ஆட்டங்கள். பத்து நிமிடக் கணக்கில் பத்து மணி நேரம். பருவம் முடிய ஒரு வாரம் இருக்கையில் இதைத் தொடங்கிப் பயனில்லை.

தரவரிசை ஆட்டத்தை நடுவில் விட்டு வெளியேறினால் தண்டனை உண்டு. முதலில் சில நிமிடங்கள் ஆட்டம் தேட முடியாது. திரும்பத் திரும்பச் செய்தால் அந்தத் தடை நீண்டுகொண்டே போகும். மின்சாரம் போனதா, கோபத்தில் விட்டுப் போனீர்களா என்று சர்வர் விசாரிக்காது. இணைப்பு அறுந்தால் பதறாமல் உடனே விளையாட்டைத் திறங்கள்; ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் மீண்டும் சேரும் வாய்ப்புத் திரையில் தோன்றும்.

டோர்னமெண்ட் பிரிவை இந்தப் படிக்குப் பிறகே தொடுங்கள். அது ஒவ்வொரு வலயத்திலும் நாள்தோறும் குறித்த நேரத்தில் தொடங்கும். முன்பதிவு செய்துவிட்டு, தொடங்கும் நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். தோற்றால் வெளியே, வென்றுகொண்டே போனால் ஒரு மணி நேரம்வரை எழ முடியாது. மூவர் அணியாக இறங்குவோர் மூவரின் நேரத்தையும் முன்பே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

8. நண்பர்களோடு ஆடும்போது

உங்களைவிட வெகுவாக முன்னேறிய நண்பரோடு கூட்டுச் சேர்ந்து தரவரிசையில் இறங்க வேண்டாம். எதிரணி பெரும்பாலும் அவருடைய தரத்தையொட்டியே அமையும். நீங்கள் பந்தைத் தொடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அத்தகைய நண்பரோடு காஷுவலிலோ பிரைவேட் மேட்சிலோ ஆடுங்கள்.

பிரைவேட் மேட்சுக்கு ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து அறை திறந்தால், மற்றவர்கள் அவற்றைக் கொண்டு நுழையலாம். பந்தின் அளவு, பூஸ்டின் அளவு, ஆட்ட நேரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். அறை திறப்பவர்தான் வலயத்தையும் தேர்ந்தெடுக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருவர் சென்னையிலும் இன்னொருவர் டொராண்டோவிலும் இருந்தால், யாருடைய ஊருக்கு அருகிலும் வைக்காமல் ஐரோப்பிய வலயத்தில் வையுங்கள்; பிங் இருவருக்கும் சற்று உயர்ந்தே இருக்கும், ஆனால் ஒருவர் மட்டும் தடுமாறும் நிலை வராது.